இதுல என்ன மாத்தியிருக்கு?

எது புதிதாக வந்தாலும், "ஒரு மழை பாக்கட்டும் தம்பி" என்பார் அக்கா. அவர் ஊரான குரும்பகரத்துப் பக்கம் வாய்க்காலுக்குப் புதுப் பாலம் கட்டித் திறந்தபோது, ஐப்பசியும் கார்த்திகையும் கழியும்வரை பழைய வழியாகச் சுற்றி நடந்துதான் பஸ் ஏறினார். எதிர்வீட்டு மிக்ஸி ஒரு வருஷம் சத்தம் மாறாமல் ஓடியதைக் கேட்ட பிறகுதான் அதே மிக்ஸியை வாங்கினார். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்களிடம்கூட செல்போன் வந்த பிறகு, எல்லோருக்கும் கடைசியாக ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதையும் பாதி நேரம் அணைத்தே வைத்திருப்பார்.

பயந்த சுபாவம் என்று ஆஸ்பத்திரியில் கேலி செய்வார்கள். அது பயமில்லை. தன் கையில் இருப்பதை ஒருவர் மாற்றப்போகிறார் என்றால், எதை மாற்றுகிறார் என்று தெரிந்தாகவேண்டும் அவருக்கு. அவ்வளவுதான்.

நான் அப்போது சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதி விற்கிற சின்னக் கம்பெனி. காரைக்காலிலும் நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமும் அதை வாங்கியவர்களுக்கெல்லாம் நான்தான் ஆள். கம்ப்யூட்டர் நின்றுபோனால் ஓடுவேன். புது வெர்ஷன் வந்தால் சிடியை எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டுக் கொடுப்பேன். மற்ற இடங்களில், "போட்டுட்டுப் போங்க சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். காரைக்காலில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் மட்டும் அது நடக்காது. அங்கேதான் அக்கா இருந்தார். நோயாளிகளின் விவரங்களைப் பதிந்து, வருகிறவர்களுக்குச் சீட்டு அச்சடித்துக் கொடுப்பது அவர் வேலை. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுவார், நர்ஸ் ஊசி போடுவார்.

நான் சிடியை நீட்டினால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இதுல என்ன மாத்தியிருக்கு?"

சொல்வேன்.

"யாரு கேட்டு மாத்துனாங்க?"

அதையும் சொல்வேன்.

"சரியா வரலன்னா பழசுக்குத் திரும்ப வழியிருக்கா?"

இந்த மூன்றாவது கேள்விக்கு என் கம்பெனியில் யாருமே பதில் யோசித்ததில்லை. அக்கா கேட்டதால்தான் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டேன்.

அவர் இப்படிக் கேட்க ஆரம்பித்ததற்கும் நான்தான் காரணம். அங்கே போக ஆரம்பித்த இரண்டாவது வருஷம், அவசர அவசரமாக ஒரு புது வெர்ஷனைப் போட்டுவிட்டு மயிலாடுதுறைக்குக் கிளம்பிவிட்டேன். அதில் தேதியும் மாசமும் இடம் மாறியிருந்தது. மார்ச் நாலாம் தேதி வரவேண்டிய கர்ப்பிணிக்கு ஏப்ரல் மூன்றாம் தேதி என்று சீட்டு போயிற்று. ஒரே வாரத்தில் பிரசவ வார்டில் கூச்சல். வரவேண்டியவர்கள் வரவில்லை, வரக்கூடாதவர்கள் வெயிலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கத்தினார். கம்பெனிக்கு எழுதி என்னை மாற்றச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

அக்கா பின்னாலேயே உள்ளே வந்தார்.

"அந்தத் தம்பி மேல தப்பில்ல டாக்டர். தேதி வரிசைய நாந்தான் தெரியாம மாத்திட்டேன்."

டாக்டரின் கோபம் அப்படியே அவர் பக்கம் திரும்பியது. பத்து நிமிஷம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும், "ஏங்க்கா?" என்றேன்.

"கல்யாணம் ஆயி மூணு மாசந்தான் ஆவுது ஒனக்கு. வேல போச்சுன்னா எங்க போவ? எனக்கு ஒரு திட்டு. பஸ் ஏறுறதுக்குள்ள மறந்துடும்."

பிறகு ரெண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டையும் அவரே சரிசெய்தார். அதற்கப்புறம்தான் அந்த மூன்று கேள்விகள். அந்த வருஷத்திலிருந்து சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் அன்றைய விவரங்களையெல்லாம் தனியே ஒரு சிடியில் எழுதிவைப்பதும் தொடங்கியது. நான் கொண்டுவந்த பழைய சிடிகள் ஒன்றுகூடத் தூக்கிப் போடப்படவில்லை. மேசை இழுப்பறையில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் உறையிலும் வெர்ஷன் நம்பர், போட்ட தேதி, எதற்காக என்று ஒரு வரி. "மருந்துப் பேர் நீளமாக வந்தால் வெட்டாமல் இருக்க." "இரட்டைப் பிள்ளை பதிய." முத்து முத்தான கையெழுத்து.

நம்பர்களைப் பற்றி ஒருநாள் கேட்டார்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு, ரெண்டு புள்ளி ரெண்டுன்னு வருது. திடீர்னு மூணுங்குறீங்க. இது என்ன கணக்கு தம்பி?"

"பெரிய மாத்தம் பண்ணுனா முன்னாடி நம்பர் மாறும்க்கா. சின்னதுன்னா புள்ளிக்குப் பின்னாடி."

"அப்ப புள்ளிக்குப் பின்னாடி மாறுனா அவசரமில்லன்னு அர்த்தம்."

"ஆமாக்கா."

அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

ரெக்கார்டு அறையின் ஜன்னல் ஆஸ்பத்திரியின் பின்வாசலைப் பார்த்திருக்கும். பதினொரு மணிவாக்கில் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா கூடையோடு அந்த வாசலுக்கு வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்தால் தெருவுக்கே கேட்கும். நர்ஸுகள் கூடிவிடுவார்கள். அக்கா ஜன்னல் வழியாகவே பேசுவார்.

"மத்தி எப்ப புடிச்சது?"

"விடியக்காலைல வந்ததும்மா. கண்ணப் பாருங்க, என்னையே மொறைக்குது."

மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படும் அக்கா, அந்த அம்மா எடுத்துக் கொடுக்கிற மீனை மட்டும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார்.

சுனாமி வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மார்கழி நடுவில் சென்னையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். புது சிடி கூரியரில் வருகிறதாம். எல்லா ஆஸ்பத்திரியிலும் உடனே போட்டுவிட வேண்டுமாம்.

"என்ன சார் மாத்தியிருக்கு?"

பழைய பதிவுகளில் ஒரு கோளாறு என்றார். மூன்று வருஷத்துக்கும் முன்னால் பதிந்த நோயாளி திரும்பவும் வந்தால், அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து பற்றிய எச்சரிக்கை சீட்டில் அச்சாகவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டாம் பக்கத்தில் இருக்கும், காகிதத்தில் வராது. வேறு ஊரில் ஒரு டாக்டர் தற்செயலாகக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

"கோளாறுன்னு வாயத் தொறந்துடாதே. நம்ம பேரு கெட்டுடும், கேஸு கீஸுன்னு அலையணும். அதனாலதான் நம்பரக்கூட பெருசா மாத்தல. மூணு புள்ளி மூணு, மூணு புள்ளி நாலு. சின்ன மாத்தம்னு சொல்லு, போடு, வந்துகிட்டே இரு."

அப்படியே செய்தேன். நாகப்பட்டினத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மயிலாடுதுறையில் கேட்கவில்லை. அக்கா கேட்டார்.

"இதுல என்ன மாத்தியிருக்கு?"

"சின்னச் சின்ன மாத்தந்தாங்க்கா."

"யாரு கேட்டாங்க?"

"பொதுவா எல்லாருக்கும் போடுறாங்க."

உறையைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். "மூணு புள்ளி நாலு. சரி, இருக்கட்டும். பொங்கல் கூட்டம் கழியட்டும், போட்டுக்கலாம்."

"இப்பவே போட்டுடுறேனேக்கா. பத்து நிமிஷந்தான்."

"பத்து நிமிஷத்துல போட்டதுதான் அந்தத் தேதி வம்பு. எதுவும் அவசரமா இருக்கா, சொல்லு. இருந்தா இப்பவே போடு."

அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "இல்லக்கா" என்றேன். எனக்காகத் தலைகுனிந்து திட்டு வாங்கியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டார். பொங்கலுக்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பதினோராம் நாள் காலை அந்த மீன்காரம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நாலு நாள் காய்ச்சல், நினைவு தப்பிப் பிதற்றிக்கொண்டிருந்தார். புருஷன் கடலுக்குப் போயிருந்தார். கூட வந்தது பக்கத்து வீட்டுப் பெண். பெயரைச் சொன்னதும் அக்கா பழைய பதிவைத் தேடியெடுத்துச் சீட்டை அச்சடித்துக் கொடுத்தார். கையோடு வெளியே வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளவும் செய்திருக்கிறார். "ஏதாவது ஊசி ஒத்துக்காதா?" என்று நர்ஸ் கேட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பெண், தெரியவில்லை என்றாள். சீட்டில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் முறைப்படி முதலில் ஒரு துளி மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள். அந்தத் துளியே போதுமாயிருந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா திரும்பிப்போய்க் கம்ப்யூட்டரில் அந்தப் பதிவைத் திறந்தார். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. பென்சிலின் ஒத்துக்காது, முகம் வீங்கியது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் அவரே அடித்த வரி. திரும்ப அச்சடித்தார், வரவில்லை. மூன்று தடவை அடித்தும் வரவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து, நான் கொடுத்த சிடியை எடுத்து, யாரையும் கேட்காமல் தானே போட்டார். நாலாவது சீட்டில் அந்த எச்சரிக்கை கொட்டை எழுத்தில் முதல் வரியாக வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. போனபோது நாலு சீட்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார்.

"இத மாத்தத்தான் அந்த சிடியா தம்பி?"

நாலாவது சீட்டை மட்டும் எடுத்துப் பார்த்தேன்.

"தெரியாதுக்கா. எங்கிட்ட எதுவும் சொல்லல."

அந்தப் பொய்யை அவர் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "ஒனக்கு எப்படித் தெரியும்? நான்ல போட்டிருக்கணும்" என்றார்.

இதயம் நின்றுவிட்டது என்று குடும்பத்திடம் ஆஸ்பத்திரி சொல்லியிருந்தது. அக்கா டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். யாரிடமும் பேச வேண்டாம், ரெண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம் அவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். "கோட்டுச்சேரிமேடு வரைக்கும் வண்டியில கொண்டுபோய் விடுறியா?"

சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. வாசலில் அந்த அம்மாவின் புருஷன் உட்கார்ந்திருந்தார். பத்து வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வண்டியை விட்டு நகரவில்லை. அவர்கள் பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது.

"ஆஸ்பத்திரில சீட்டுப் போடுறவ நானு."

"தெரியும்மா. அவ சொல்லுவா. மத்தி வாங்குற அம்மான்னு."

அக்கா மடமடவென்று சொன்னார்.

"அவங்களுக்கு அந்த ஊசி ஒத்துக்காதுன்னு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. நாந்தான் எழுதி வெச்சேன். ஆனா சீட்டுல வரல, அதுல ஒரு கோளாறு. அந்தக் கோளாறச் சரிபண்ற தகடு பதினோரு நாளா எம் மேசையில கெடந்துச்சு. நான் போடல."

"போட்டிருந்தா?"

"சீட்டுல வந்திருக்கும். ஊசி போட்டிருக்க மாட்டாங்க."

"ஏன் போடல?"

"புதுசுன்னா எனக்கு நம்பிக்க வராது. பொங்கல் கழியட்டும்னு வெச்சுட்டேன்."

"எங்ககிட்ட ஹார்ட்டுன்னாங்க" என்றார் அவர். கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அல அடிச்சப்ப வேலிக்கருவயப் புடிச்சுகிட்டு, ஒடம்பெல்லாம் முள்ளு கிழிச்சு, பொழச்சு வந்தவம்மா அவ." பிறகு எழுந்தார். "போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

வாய் திறக்க அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் வண்டியைக் கிளப்பினேன். வழி முழுக்க அக்கா என் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தார். ஒரு கை மட்டும் என் தோளைப் பிடித்திருந்தது.

அந்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டார். கொஞ்ச காலத்தில் நானும் கம்பெனியிலிருந்து விலகிக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தேன்.

மூன்று வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள். போனால், அங்கே டைப் அடிக்க உட்கார்ந்திருந்தவர் அக்கா. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, நல்லாருக்கியா? வீட்ல எப்படி இருக்காங்க?" என்று எழுந்தார்.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதில் இல்லாத குப்பை இல்லை. திரையில் புதிது வந்திருக்கிறது, போடவா என்று எது கேட்டாலும் போட்டிருந்தது. நல்லது, கெட்டது, தேவையில்லாதது எல்லாம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்று கேட்டது. அவர் கை தானாகப் போய்ச் சரி என்று அழுத்தியது. ஒரு பெரியவர் சொல்லச் சொல்ல அக்கா பாதிவரை அடித்திருந்த மனு சேமிக்காமலே அணைந்துபோயிற்று. பெரியவர் முணுமுணுத்தார்.

"என்னன்னு படிக்காமலே போடுறீங்களேக்கா" என்றேன்.

"வந்தா ஒடனே போட்டுறணும் தம்பி. தள்ளிப் போடக்கூடாது." குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "மனு போனா திரும்ப அடிச்சுக்கலாம்."

திரையில் அடுத்தது வருமுன்பே அவர் விரல் மவுஸின் மேல் காத்திருந்தது. அதைப் பார்த்தபின் என்னால் தாங்க முடியவில்லை. கடையில் கூட்டம் ஓய்ந்ததும் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் போன் செய்தது, நம்பரைச் சின்னதாக வைத்தது, சிடி கொண்டுவந்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பது.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"அவசரமா இருக்கான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்கக்கா."

"கேட்டேன்" என்றார். பிறகு இன்னொரு முறை, யாருக்கோ சாட்சி சொல்வதுபோல, "நான் கேட்டேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் கையை நீட்டியபோது நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அவருகிட்டப் போயிச் சொல்லு" என்றார் கடைசியில். "நீ தனியாப் போயிச் சொல்லு."

மறுநாள் காலை கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். படகு வந்து, மீனெல்லாம் ஏலம் போய் முடியும்வரை மணலில் காத்திருந்தேன். மீன்காரம்மாவின் புருஷன் நின்றபடியே கேட்டுக்கொண்டார். நான் முடித்ததும் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அன்னைக்கு வண்டிக்கிட்ட நின்னது நீதான?"

"ஆமாங்க."

"நாங்க பேசுனது காதுல உழுந்துச்சா?"

"உழுந்துச்சுங்க."

அதற்குமேல் என்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. மத்தி வாங்குகிற அம்மாவுக்கு எந்த ஊர் என்றார். சொன்னேன். எந்த பஸ் போகும் என்றார். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, "நீ வரவேணாம்" என்றுவிட்டு வீட்டுக்குள் போனார். வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, வளர்ந்துவிட்டிருந்த மகளையும் அழைத்துக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்தார். குரும்பகரத்தில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா அந்த ஜெராக்ஸ் கடைக்குத் திரும்ப வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. போக எனக்கு என்ன முகம் இருக்கிறது? அதே வருஷம் புரட்டாசியில், பஸ் ஸ்டாண்டில் மழைக்கு எல்லோரும் கூரைக்குக் கீழே ஒண்டி நின்றோம். குரும்பகரம் பஸ் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் எனக்கு நேர் எதிரில் நின்றார். அக்காவேதான். என்னை நன்றாகப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றார்.

விட்டேன்.